கிளட்ச் கேபிள் அறுந்த வண்டியும் நாற்பது கிலோமீட்டரும்

சென்ற ஆண்டு ஆனி மாதக் கடைசியில், விக்கிரமசிங்கபுரத்தில் மாமா வீட்டு அம்மன் கோயில் கொடைக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணியளவில் பாளையங்கோட்டைக்குத் திரும்பக் கிளம்பினேன். மலைப்பக்கம் சாரல் இறங்கிக்கொண்டிருந்தது. சாலை நனைந்தும் நனையாமலும் கிடந்தது. தெருமுனை தாண்டியதும் இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றுவதற்காக, என்ஜினைச் சக்கரத்திலிருந்து பிரித்துவிடும் கிளட்ச்சின் லிவரைப் பிடித்தபோது, அது எந்த எதிர்ப்பும் இல்லாமல் கைப்பிடியோடு வந்து ஒட்டிக்கொண்டது. என்ன நடந்தது என்று புரிவதற்குள் பழக்கத்தில் பிரேக்கை மிதித்துவிட்டேன். கியரிலேயே இருந்த வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது, என்ஜினும் அணைந்தது.

என்னுடையது 150 சிசி வண்டி. ஐந்து கியர், முதலாவது கீழே, மற்ற நான்கும் மேலே. ஏழு ஆண்டுகளில் 61,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அதற்குள் பின் டயரை இரண்டு முறையும் செயினை ஒரு முறையும் மாற்றியிருக்கிறேன். கிளட்ச் கேபிளைப் பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை. லிவரின் அடியில் பார்த்தபோது, கேபிளின் உள்கம்பி அதன் தலையில் இருக்கும் சிறு உலோக உருளையை, அதாவது நிப்பிளை, லிவருக்குள்ளேயே விட்டுவிட்டு உறைக்குள் பின்வாங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை என்பதால் உதிரிபாகக் கடைகள் அடைத்துக் கிடந்தன. மாமா மகன் தன் வண்டியில் பின்னாலேயே வந்து நின்று, “அத்தான், டெம்போ எதுவும் பிடிச்சி ஏத்திருவோமா?” என்றான். அதுவே புத்திசாலித்தனமான யோசனை. ஆனாலும் பாளையங்கோட்டையில் வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக் அண்ணாச்சியை முதலில் கைபேசியில் அழைத்தேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “கேபிள்தான போயிருக்கு, கிளட்ச்சு போவலல்லா? அப்பம் ஓட்டிக்கிட்டே வந்துருங்க தம்பி. நியூட்ரல்ல ஸ்டார்ட் பண்ணி, தள்ளிக்கிட்டே வேகமா நடங்க. ஓட வேண்டாம், நடந்தாப் போதும். நடக்கயில பர்ஸ்ட்ட போட்டுட்டு ஏறிக்கிடுங்க. மேல் கியருக்குப் போவயில லிவர மிதிச்சு ஒடிச்சிராதிய. காலை லேசாக் கொடுத்து வச்சுக்கிட்டு ஆக்ஸிலேட்டர விட்டியன்னா அதுவே விழும்.”

“ஓட வேண்டாம், நடந்தாப் போதும்” என்று அவர் சொன்னதை அப்போது ஆறுதல் வார்த்தையாகத்தான் எடுத்துக்கொண்டேன். அதற்குள் ஒரு துல்லியமான கணக்கு இருந்தது என்பது மூன்று வாரம் கழித்தே தெரிந்தது.

முதல் முயற்சியில், நடந்தால் போதும் என்று சொல்லியும் கேட்காமல் ஓடினேன். ஓடிய வேகத்தில் முதல் கியரைத் தட்டியபோது ‘கடக்’ என்று ஒலி எழுந்து, பின் சக்கரம் ஒரு கணம் இழுத்துப் பிடித்தது. இரண்டாம் முறை சொன்னபடியே விறுவிறுவென்று நடந்து, வண்டியின் இடப்பக்கம் இருந்தபடியே கையால் அழுத்துவதுபோல் காலின் முன்பகுதியால் கியர் லிவரைக் கீழே தள்ளினேன். முதல் கியர் எந்த அதிர்வும் இன்றி விழுந்தது, வண்டி தானாகவே ஊர்ந்தது, ஏறி உட்கார்ந்துகொண்டேன். மாமா மகன் பின்னால் வருவது, சிக்னலுக்கோ கூட்டத்துக்கோ நிற்க வேண்டி வந்தால் அவன் முன்னே போய் வழி பார்ப்பது என்று பேசிக்கொண்டோம். பின்னால் ஒருவர் இல்லாமல் தனியே இந்தக் காரியத்தில் நான் இறங்கியிருக்க மாட்டேன், யாரும் இறங்கக் கூடாது.

அம்பாசமுத்திரத்துக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவே தாமிரபரணிப் பாலத்தை அடைவதற்குள் மேல்கியர் மாற்றம் கைவந்துவிட்டது. லிவரின் அடியில் பாதத்தை வைத்து, சட்டையின் பொத்தானை விரலால் தொடுவதுபோல் லேசாக மேல்நோக்கி அழுத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்போது எதுவும் நடக்காது. கியர் அசையாமல் இறுகி நிற்கும். பிறகு ஆக்சிலேட்டரைச் சட்டென்று, ஆனால் முழுவதும் அல்லாமல், கொஞ்சம் மூட வேண்டும். மூடும் அந்த நொடியிலேயே லிவர் காலோடு மேலே வந்துவிடும், கியர் மாறியிருக்கும். உடனே ஆக்சிலேட்டரை மீண்டும் திறக்க வேண்டும். அனைத்தும் சேர்ந்து கண் இமைக்கும் நேரம்தான். கிளட்ச்சைப் பிடித்து மாற்றுவதைவிட மூன்றிலிருந்து நான்கு, நான்கிலிருந்து ஐந்து ஆகிய மாற்றங்கள் மென்மையாக இருந்தன என்பது எனக்கே வியப்பாக இருந்தது. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போவது மட்டும் ஒவ்வொரு முறையும் முதுகில் ஒரு தட்டுத் தட்டியதுபோல் இருந்தது. இரண்டு முறை நடுவில் நியூட்ரலில் விழுந்து என்ஜின் வீணாக அலறியது.

நிற்பதுதான் பெரும்பாடு. கல்லிடைக்குறிச்சிக்குள் ஒரு பேருந்து பின்னோக்கி வந்து சாலையை அடைத்தபோது, நான் மூன்றாம் கியரில் இருந்தேன். வேகம் குறைய, ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே இறக்கி நியூட்ரலுக்கு வரவேண்டியவன், பிரேக்கை நம்பிக் காத்திருந்துவிட்டேன். வண்டி திணறி அணைந்தது. நின்ற வண்டியில், கியர் இறுகியிருக்கையில், நியூட்ரலைக் கண்டுபிடிப்பது தனிக் கஷ்டம். வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே லிவரைத் தட்ட வேண்டியிருந்தது. வீரவநல்லூர் தாண்டிய பிறகுதான் ஒரு முறையைப் பிடித்தேன்: தூரத்தில் தடை தெரிந்ததுமே ஆக்சிலேட்டரை விட்டு வேகத்தைக் குறைத்து, நகர்ந்துகொண்டிருக்கும்போதே இரண்டாம் கியருக்கு வந்துவிட வேண்டும், அதிலிருந்து லிவரை அரைத் தட்டுத் தட்டி நியூட்ரலில் வைத்துவிட்டு, மிச்சத்தூரத்தைப் பிரேக்கில் உருள வேண்டும். காருகுறிச்சிக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவே ஒரு ஆட்டு மந்தை சாலையைக் கடந்தபோது இந்த முறை கச்சிதமாக வேலை செய்தது. ஆடுகள் எல்லாம் கடந்து முடியும்வரை நியூட்ரலில் என்ஜின் ஓட நின்றுகொண்டிருந்தேன். கீதாரி என்னை ஏன் இறங்கி நடந்து தள்ளிக்கொண்டு போகிறேன் என்பதுபோல் பார்த்தார்.

சேரன்மகாதேவியில் ஒரு மேட்டில் நிற்க வேண்டி வந்தபோது, தள்ளிக்கொண்டு நடக்க இயலவில்லை. அங்கே ஒரு முறை மட்டும் முதல் கியரில் வைத்தபடியே ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினேன். கியரில் இருக்கும்போது கிளட்ச் லிவரைப் பிடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும்படி என் வண்டியில் ஒரு சிறு சுவிட்ச் உண்டு. ஆனால் அது லிவரின் முட்டில் இருப்பதால், கேபிள் அறுந்திருந்தாலும் லிவரைப் பிடித்தால் போதும், ஏமாந்துவிடும். வண்டி ஆட்டுக்கிடாபோல் முன்னே பாய்ந்தது. என்ஜினையும் வண்டியையும் என்னையும் சேர்த்து இழுக்கும் வேலை ஸ்டார்ட்டர் மோட்டாருடையது அல்ல. முன்னே யாராவது நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துவிட்டு அதை மறுபடி செய்யவில்லை.

பத்தமடை, முன்னீர்பள்ளம், மேலப்பாளையம் என்று கடந்து வீடு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. வழியில் ஐந்து முறை நின்றேன். அதில் மூன்று முறை என்ஜின் அணைந்தது.

மறுநாள் காலை அண்ணாச்சியின் பட்டறையில் முதலில் செய்தது, அறுந்த முனையை வெயிலில் வைத்துப் பார்த்ததுதான். கேபிளின் உள்கம்பி என்பது ஒரே கம்பி அன்று; மெல்லிய எஃகு இழைகளை முறுக்கிச் செய்தது. என்னுடையதில் 19 இழைகள். அவற்றுள் 12 இழைகளின் முனை கறுத்துத் துருவேறியிருந்தது; ஏழு இழைகளின் முனை மட்டுமே பளபளவென்று புதிய முறிவாக இருந்தது. அதாவது, பன்னிரண்டு இழைகள் பல மாதங்களாக ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வந்திருக்கின்றன. மிச்ச ஏழும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரேயடியாகப் போயிருக்கின்றன.

காரணமும் அங்கேயே இருந்தது. லிவரின் துளைக்குள் உட்காரும் நிப்பிள், லிவரை இழுக்கும்போதெல்லாம் துளைக்குள் சற்றே சுழன்று கொடுக்க வேண்டும். அப்போதுதான் கம்பி எப்போதும் நேராக இழுபடும். என் வண்டியில் அந்தத் துளையில் மழைநீரும் புழுதியும் சேர்ந்து காய்ந்து, நிப்பிள் அசையாமல் இறுகிப்போயிருந்தது. எனவே ஒவ்வொரு முறை கிளட்ச் பிடிக்கும்போதும் கம்பி நிப்பிளின் கழுத்தில் மடிந்து மடிந்து நிமிர்ந்திருக்கிறது. ஊருக்குள் ஓட்டும் ஒருவர் ஒரு நாளைக்குக் கிளட்ச்சை எத்தனை நூறு முறை பிடிக்கிறார் என்று யோசித்தால், தகரத்தை மடக்கி மடக்கி ஒடிப்பதைப் போன்ற வேலைதான் அது. துளையில் ஒரு சொட்டு கிரீஸ் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. ஏழு ஆண்டுகளில் நான் அங்கே கிரீஸ் வைத்ததே இல்லை. லிவர் கொஞ்ச நாளாகவே கடினமாக, விட்டுவிட்டு இழுபட்டுக்கொண்டிருந்ததையும் வயதான வண்டி என்று விட்டிருந்தேன். அது இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து உறையின் உட்சுவரில் உரசிய உணர்வுதான்.

புதிய கேபிளை நானே மாட்டுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். லிவர் பக்கமும் என்ஜின் பக்கமும் உள்ள இரண்டு சரிசெய்யும் திருகுகளையும் முழுவதும் உள்ளே சுற்றித் தளர்த்த வேண்டும். லிவர் பக்கத் திருகிலும் அதன் பூட்டு நட்டிலும் நீளவாக்கில் ஒரு பிளவு இருக்கும். இரண்டின் பிளவையும் லிவரின் பிளவோடு ஒரே கோட்டில் கொண்டுவந்தால் கம்பி வழுக்கி வெளியே வந்துவிடும். பழைய கேபிளை உருவுவதற்கு முன் அதன் மேல்முனையில் நீளமான நூல் ஒன்றைக் கட்டிக்கொண்டு கீழ்முனையிலிருந்து இழுத்தேன். பெட்ரோல் டேங்கின் அடியில், ஹேண்டில் கழுத்தைச் சுற்றி, எந்தக் கிளிப்புக்குள் எப்படிப் போகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்வதைவிட, நூலையே வழிகாட்டியாக வைத்துப் புதிய கேபிளை அதே தடத்தில் இழுத்துவிடுவது எளிது. நான் கேட்காமலே அண்ணாச்சி அந்த நூலை எடுத்துக் கொடுத்தார்.

மாட்டிய பிறகு ஹேண்டிலை இடக்கோடி வரையும் வலக்கோடி வரையும் திருப்பிப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் திருப்பினாலும் லிவரின் தளர்வு மாறக் கூடாது; மாறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது என்று பொருள். லிவரின் நுனியில் ஒரு விரல் அகலத்துக்கு, 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை, வெறும் தளர்வு இருக்கும்படி திருகுகளைச் சரிசெய்தேன். அதைவிடக் குறைந்தால் கிளட்ச் தட்டுகள் முழுவதும் ஒட்டாமல் வழுக்கித் தேயும். கூடினால் பிடித்தாலும் முழுவதும் விடாமல் கியர் கடினமாக விழும். நிப்பிள் துளையிலும் லிவர் சுழலும் போல்ட்டிலும் கிரீஸ் வைத்தேன். கேபிள் 180 ரூபாய், வேலைக்கு முக்கால் மணி நேரம்.

வேலை முடிந்ததும் எனக்குள் இருந்த கேள்வியைக் கேட்டேன். கிளட்ச் இல்லாமல் கியர் போட்டால் பல் உடைந்துவிடும் என்று சிறுவயதிலிருந்து கேட்டு வந்திருக்கிறேனே, நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்ததில் உள்ளே என்ன ஆகியிருக்கும்? அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. பட்டறையின் மூலையில் மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறிக்கொண்டிருந்த, வேறு யாருடையதோ ஆன பழைய கியர் பெட்டியின் இரண்டு தண்டுகளையும் எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்தார்.

கையில் வைத்துச் சுற்றிப் பார்த்த அரைமணி நேரத்தில் புரிந்தது, படத்தில் பார்த்து ஒருபோதும் புரியாதது. மோட்டார் சைக்கிளில் எல்லாக் கியர் சக்கரங்களும் எப்போதும் தத்தம் இணைச்சக்கரத்தோடு பல்லுக்குப் பல் பொருந்தியே இருக்கின்றன. கியர் மாற்றும்போது பற்கள் விலகிச் சேர்வதே இல்லை. ஒவ்வொரு இணையிலும் ஒரு சக்கரம் தண்டின்மேல் சும்மா சுழன்றுகொண்டிருக்கும். பக்கத்தில் இருக்கும், தண்டோடு பிணைந்த, ஆனால் பக்கவாட்டில் நகரக்கூடிய சக்கரம் அதன் அருகே போய், தன் பக்கவாட்டில் துருத்தி நிற்கும் தடித்த முளைகளை அதன் துளைகளுக்குள்ளோ முளைகளுக்கு நடுவிலோ நுழைத்துப் பூட்டிக்கொண்டால் அந்தக் கியர் விழுந்தது என்று பொருள். நகர்த்துவது ஃபோர்க் என்ற கவை. கவையை நகர்த்துவது, காடிகள் வெட்டப்பட்ட ஓர் உருளை. காலால் லிவரைத் தட்டும்போது சுழல்வது அந்த உருளைதான்.

முளைகளைக் கூர்ந்து பார்த்தால் அவற்றின் பக்கங்கள் செங்குத்தாக இல்லை. அடிப்பக்கம் சற்றே உள்வாங்கிச் சரிந்திருக்கின்றன. புறாவின் வால்போல் விரியும் இணைப்பைத் தச்சர்கள் வெட்டுவதுபோல. இழுவை இருக்கும்வரை இரண்டு முளைகளும் ஒன்றையொன்று உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்வதற்காக இந்தச் சரிவு. ஆகவே என்ஜின் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது லிவரை எவ்வளவு உதைத்தாலும் முளை வெளியே வராது, கவைதான் வளையும். ஆக்சிலேட்டரை மூடியதும் என்ஜின் தள்ளுவது நிற்கிறது. ஆனால் அடுத்த கணமே வண்டியின் ஓட்டம் என்ஜினைத் தள்ளத் தொடங்கிவிடும். முளைகள் மறுபக்கத்தில் இறுகிவிடும். இவை இரண்டுக்கும் நடுவில், யாரும் யாரையும் தள்ளாத ஒரு நொடித்துளி இருக்கிறது. முளைகள் அப்போது தளர்ந்து நிற்கின்றன. முன்கூட்டியே லேசாக அழுத்தம் கொடுத்துக் காத்திருக்கும் கால் அந்த நொடித்துளியைத் தானாகவே பிடித்துக்கொள்கிறது. “அதுவே விழும்” என்று அண்ணாச்சி சொன்னது இதைத்தான். பழைய லாரிகளையும் பேருந்துகளையும் ஓட்டியவர்கள் கிளட்ச்சை இரண்டு முறை மிதித்து, நடுவில் ஆக்சிலேட்டரைக் கொடுத்துக் கியர் போட்டதும், வேறு வழியில் வேகத்தைச் சமமாக்கும் இதே வேலைதான்.

கிளட்ச் பிடிக்காதபோது ஒரு வேறுபாடு உண்டு. கிளட்ச்சைப் பிடித்தால் முளைகள் மோதும்போது வேகம் மாற வேண்டியது கியர் பெட்டியின் உள்ளீட்டுத் தண்டும் கிளட்ச்சின் நடுப்பகுதியும் மட்டுமே, அவை இலேசானவை. பிடிக்காவிட்டால் என்ஜினின் முதன்மைத் தண்டான கிராங்க், அதன் கனமான சுழல்சக்கரம் என்று முழு என்ஜினும் அந்த முளைகளில் வந்து மோதும். தட்டில் கிடந்த முளைகளின் மூலைகள் கூழாங்கல்போல் உருண்டு போயிருந்தன. “இது ஆக்ஸிலேட்டர விடாம உதைச்ச ஆளு” என்றார் அண்ணாச்சி. மூலை உருண்ட முளைக்குப் பிடிப்பு இருக்காது. ஆக்சிலேட்டரைத் திறந்ததும் கியர் துள்ளி வெளியே வந்துவிடும். ஆக, நான் கேட்டு வளர்ந்த எச்சரிக்கையில் உறுப்பின் பெயர்தான் தவறு. போவது பல் அன்று, முளை. கிளட்ச் பிடிக்காததால் என்பதைவிட, நேரம் தவறியதால்.

இதற்குப் பின் நான்கு ஞாயிறு காலைகள், ரெட்டியார்பட்டி மலைக்கு அப்பால் வீட்டுமனை பிரித்துத் தார் போட்டுவிட்டு வீடு எதுவும் எழாமல் கிடக்கும் சாலைகளில் போய்ப் பழகினேன். புதிய கேபிள் இருந்ததால், தவறினால் கிளட்ச்சைப் பிடித்துக்கொள்ளலாம் என்ற துணிவு இருந்தது. முதல் ஞாயிறு கியர் மாற்றவே இல்லை. ஒரு சிட்டையில் எண்களை மட்டும் எழுதினேன். 20 கிலோமீட்டர் வேகத்தில் முதல் கியரில் என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 5,000 சுற்று, இரண்டாவதில் 3,100. 30-இல் இரண்டாவது 4,700, மூன்றாவது 3,500. 40-இல் மூன்றாவது 4,700, நான்காவது 3,700. 50-இல் நான்காவது 4,600, ஐந்தாவது 3,800. முள் காட்டியதைக் கண்ணால் வாசித்த எண்கள்தாம். நூறு இருநூறு முன்பின் இருக்கலாம்.

இந்த நான்கு வரிகள் ஞாயிற்றுக்கிழமைப் பயணம் முழுவதற்கும் விளக்கம் சொன்னன. நான்கிலிருந்து ஐந்துக்குப் போகும்போது என்ஜின் 800 சுற்றுதான் இறங்க வேண்டும். ஆக்சிலேட்டரை மூடிய கணத்தில் அது தானாகவே அவ்வளவு இறங்கிவிடுகிறது. எனவே வெண்ணெய்போல் விழுகிறது. ஒன்றிலிருந்து இரண்டுக்கு 1,900 சுற்று இறங்க வேண்டும். காலின் அழுத்தத்துக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. என்ஜின் இறங்கி முடிப்பதற்குள் முளை நுழைந்துவிடுகிறது, மிச்சத்தை முதுகு வாங்கிக்கொள்கிறது. போதாததற்கு நியூட்ரல் வேறு இவ்விரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, 5,000 வரை இழுக்காமல், 10 கிலோமீட்டர் வேகத்திலேயே முதல் கியரை விட்டு இரண்டாவதுக்குப் போய்ப் பார்த்தேன். வேகம் பாதியானால் இடைவெளியும் பாதியாகிறது. தட்டு பாதிக்கும் கீழே குறைந்தது. இரண்டாவதில் வண்டி கொஞ்சம் திணறுகிறது, அவ்வளவுதான்.

நடந்தால் போதும் என்ற அண்ணாச்சியின் வாக்குக்கும் விடை அந்தச் சிட்டையிலேயே இருந்தது. முதல் கியரில் 20 கிலோமீட்டருக்கு 5,000 சுற்று என்றால், ஆக்சிலேட்டரைத் தொடாமல் என்ஜின் சும்மா ஓடும் 1,400 சுற்றுக்கு ஐந்தரைக் கிலோமீட்டர் வேகம் வருகிறது. அது ஒரு மனிதன் விறுவிறுவென்று நடக்கும் வேகம். அந்த நடையில் தள்ளிக்கொண்டு போகையில் முதல் கியரின் இரண்டு பக்க முளைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கின்றன. அதனால்தான் சத்தமின்றிச் சேர்ந்தன. ஓடியபோது சேராததற்கும் அதுவே காரணம். அண்ணாச்சி எந்தச் சிட்டையும் எழுதியவர் அல்லர்.

கீழ்க்கியர் மாற்றம் வேறு கதை, அதில்தான் இரண்டு ஞாயிறு போனது. வேகத்தைக் குறைக்கும்போது சக்கரம் என்ஜினைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. முளைகள் மறுபக்கம் இறுகியிருக்கின்றன. அவற்றைத் தளர்த்த ஆக்சிலேட்டரை மூடுவதற்குப் பதிலாக ஒரு சிறு முறுக்குத் திறக்க வேண்டும். கீழ்க்கியரில் என்ஜின் அதிக சுற்றில் இருக்க வேண்டும் என்பதால் அதே முறுக்கு அந்த வேலையையும் செய்கிறது. காலைக் கீழ்நோக்கி லேசாக அழுத்திக்கொண்டு, மணிக்கட்டைச் சட்டென்று திருகி விட வேண்டும். கேட்க எளிது. கை அதிகம் திருகினால் வண்டி பாய்கிறது. குறைவாகத் திருகினால் பின் டயர் ‘கிரீச்’ என்கிறது. சாரல் ஈரத்தில் அந்தக் கிரீச் சறுக்கலாக மாறும். வலது கை ஒரே நேரத்தில் முன் பிரேக்கையும் பிடிக்க வேண்டும் என்பதை நினைத்தால், அவசரத்தில் இது என்னைப் போன்றவனுக்கு ஆகாத காரியம். ஆனால் சிட்டை இங்கேயும் ஒரு குறுக்கு வழி காட்டியது: 40 கிலோமீட்டரில் நான்கிலிருந்து மூன்றுக்கு 1,000 சுற்று ஏற்ற வேண்டும், 20 கிலோமீட்டரில் 500தான். எனவே முதலில் பிரேக்கில் வேகத்தை நன்றாகக் குறைத்துவிட்டு, என்ஜின் திணறப்போகும் விளிம்பில் மாற்றினால், விரல் நுனியளவு முறுக்கே போதும். கிளட்ச் இருக்கும் நாளில் இப்படி யாரும் ஓட்ட வேண்டியதில்லை. அறுந்த நாளில் இதுவே பாதுகாப்பான வழி.

கிளட்ச் லிவரே இல்லாத மோட்டார் சைக்கிள் புதிதன்று. 1958-இல் வந்த ஹோண்டா சூப்பர் கப்பில் கியர் மிதியை மிதிக்கும்போதே கிளட்ச்சும் விலகும்படி செய்திருந்தார்கள். இப்போது விலை கூடிய வண்டிகளில் வரும் குவிக்‌ஷிஃப்டர், லிவரில் கால் அழுத்தம் பட்டதை உணர்ந்து, கண் இமைப்பதற்குள் என்ஜினின் பொறியை நிறுத்திவிட்டுத் திரும்பக் கொடுக்கிறது. நாம் மணிக்கட்டால் செய்யும் தளர்வை அது மின்சாரத்தால் செய்கிறது. மாமா மகன் அப்படி ஒரு வண்டியின்மேல் கண் வைத்திருக்கிறான். நூறு சிசி வண்டிகள் பலவற்றில் எல்லாக் கியரும் முன்னே மிதித்தால்தான் விழும் என்பதால், அவற்றில் மேல்கியருக்குக் கால் அழுத்தம் கீழ்நோக்கி இருக்க வேண்டும். அண்ணாச்சியின் வண்டியைக் கேட்டு வாங்கி அதிலும் ஒரு நாள் பார்த்தேன், வேறுபாடு அவ்வளவே.

இப்போது ஊருக்குள் எப்போதும் கிளட்ச்சைப் பிடித்தே ஓட்டுகிறேன். நான்குவழிச் சாலையில், மூன்றுக்கு மேலே போகும்போது மட்டும், மனம் அதில் இருந்தால், இடது கையைச் சும்மா விட்டுவிடுகிறேன். அண்ணாச்சி சொன்னபடி இன்னொரு புதிய கேபிளை, இரு முனைகளையும் பிளாஸ்டிக் சுற்றிக் கட்டி, பழைய கேபிளின் தடத்திலேயே டேங்கின் அடியில் இணைத்துக் கட்டி வைத்திருக்கிறேன். அறுந்தால் இரண்டு முனைகளை மாட்டினால் போதும், நூல்கூட வேண்டாம்.

பழகி முடித்த பின் 3,000 கிலோமீட்டர் ஓடியதும் ஆயில் மாற்றினேன். என்ஜினுக்கும் கிளட்ச்சுக்கும் கியருக்கும் ஒரே ஆயில் என்பதால், முளையிலிருந்து உதிர்வது எதுவானாலும் அதில் வந்தாக வேண்டும். பழைய ஆயிலை வெள்ளைத் துணியில் வடிகட்டி, ஒரு காந்தத்தை அதன்மேல் நகர்த்திப் பார்த்தேன். விரலில் தேய்த்தால் சாம்பல்போல் படியும் நுண்ணிய பொடி இருந்தது. அது எப்போதும் இருப்பதுதான் என்றார் அண்ணாச்சி. அதற்கு நடுவில், ஊசிமுனை அளவில், பளபளப்பாக ஒரே ஒரு துணுக்கு. அது பழகும்போது உதிர்ந்ததா, விக்கிரமசிங்கபுரத்தில் ஓடிப்போய்ப் போட்ட அந்த முதல் ‘கடக்’கில் உதிர்ந்ததா என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை. அதை ஒரு தீப்பெட்டியில் போட்டு, தேதியும் கிலோமீட்டரும் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த ஆயில் மாற்றம் 70,000-இல்.